இந்த வருஷம் பூ இல்லை

சாலையின் நட்டநடுவில் நின்றுதான் மெங்கா சுருட்டுப் பற்றவைப்பாள். ஓரத்தில் நின்று பற்றவைத்தால் அவளுக்குப் புகை உள்ளே இறங்காதாம். முன்னால் பழுப்பு மாடுகள் ஆடி அசைந்து கணவாய்ச் சாலையைக் கடந்துகொண்டிருக்கும். பின்னால் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிக் கீழே வரை நிற்கும். முதல் குச்சியைக் காற்று அணைக்கும். அடுத்ததைக் கிழிப்பதற்கு முன் அவள் எதிர்மலையை ஒருமுறை நிதானமாகப் பார்ப்பாள். யாராவது பொறுக்கமாட்டாமல் ஹாரன் அடித்தால் சுருட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தக் கார் ஜன்னலுக்கே போவாள். "அடி, நல்லா அடி. அதுங்களுக்கு மேளம்னா உசுரு. கேட்டுக்கிட்டு இங்கயே படுத்துக்கும்" என்பாள்.

எங்கள் கணவாய் மிகப் பழையது. உப்பு மூட்டை சுமந்த கோவேறு கழுதைகளின் குளம்பு பட்டுக் குழிந்த கல்பாதை இன்றும் என் விடுதிக்குப் பின்னால் கிடக்கிறது. இந்த வழியாகப் படைகள் போயிருக்கின்றன, பாதிரிமார்கள் போயிருக்கிறார்கள், பனியில் புதைந்துபோனவர்களும் உண்டு. அதையெல்லாம் ஒரு பித்தளைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் பலகையோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள், என்னிடம் வந்து கழிப்பறை எங்கே என்று கேட்கிறார்கள், இறங்கிப் போய்விடுகிறார்கள். பலகையில் இருப்பதைப் படித்தவர்களை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன்.

ஆனாலும் என் பார்லி சூப்பைக் குடிப்பது அவர்கள்தான். அதனால் அவர்கள்மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை என்பது மெங்காவின் கட்சி. "ஏய் சூப்புக்காரி, நீ ஊத்துறதாலதான் இவனுங்க ஏறி வர்றானுங்க. ஒரு வருஷம் பட்டினி போடு, மலை சுத்தமாயிடும்" என்று சொல்லிக்கொண்டே காலிக் கிண்ணத்தை மறுபடி நீட்டுவாள்.

ஐம்பதைத் தாண்டிய குள்ளமான உருவம். முழங்கால் இரண்டும் வெளிப்பக்கம் வளைந்தவை. ஆண்கள் போடும் கம்பளித் தொப்பி. நீலச் சட்டையில் பைகளுக்குக் குறைவே இல்லை: ஒன்றில் மாடுகளுக்கு உப்பு, ஒன்றில் கத்தியும் கயிறும், ஒன்றில் கோணல் சுருட்டுகள். இன்னொரு பை, வருகிறவர்கள் விட்டுப்போவதைப் பொறுக்குவதற்கு. நாயோடு வருகிறவர்கள் அதன் கழிவை ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில் கட்டி, ஏதோ புண்ணியம் செய்ததுபோல் அதைப் புல்வெளியிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். மாடு அதை மேய்ந்தால் நோய் வரும். மெங்கா அதை எடுத்துக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்குப் போய், எந்தக் காருக்குள் நாய் மயிர் தெரிகிறதோ அந்தக் கார்க் கண்ணாடியின் வைப்பரில் மாட்டிவிடுவாள். ஒரு முறை கீழே நகரத்து நீதிபதி ஒருவர் கொதித்துப்போய் என் விடுதிக்கு வந்து, இது யார் வேலை என்றார். மெங்கா பக்கத்து மேசையிலிருந்து தலையைத் தூக்காமல், "உன் நாயோட வேலை" என்றாள். மலைமேல் எல்லாருக்கும் எல்லாரும் 'நீ'தான், அது இங்கே பழக்கம். ஆனால் மெங்கா வாயில் அது கொஞ்சம் கூடுதலாகவே 'நீ'யாக இருக்கும்.

பள்ளத்தாக்கு விவசாயிகள் சேர்ந்து நடத்தும் மேய்ச்சல் சங்கம் அவளை ஒவ்வொரு கோடைக்கும் அமர்த்துகிறது. பனி உருகியதும் ஊர் மாடுகளை ஓட்டிக்கொண்டு ஏறுவாள். கறப்பாள், பாலாடைக் கட்டி போடுவாள், செப்டம்பரில் இறக்கி உரியவர்களிடம் ஒப்படைப்பாள். மற்ற மாதங்களில் கீழே ஒரு ஓட்டலின் சலவை அறையில் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கிறாள். அதைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவாள். ஒரே ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாள்: "இங்க இருக்கும்போதுதான் நான் ஆளு. கீழ போனா இஸ்திரிப் பெட்டி."

வியோலா என்ற மாட்டைப் பற்றிச் சொல்லாமல் மெங்காவைச் சொல்லி முடியாது. ஒரு கொம்பு கோணல். மந்தைக்கு அதுதான் தலைவி. மூடுபனி இறங்கினால் மற்ற மாடுகள் கத்தும், வியோலா மட்டும் நின்ற இடத்தில் நின்று காத்திருக்கும், அதைப் பார்த்து மற்றவை அடங்கும். மாடுகளைக் கொஞ்சும் வழக்கம் மெங்காவுக்குக் கிடையாது. வியோலாவை மட்டும் வாய் ஓயாமல் திட்டுவாள். "வாங்க மகாராணி, பல்லக்கு வேணுமா? நடடி சோம்பேறி" என்பாள். அது காதை ஆட்டிக்கொண்டு அவள் சட்டைப் பையில் மூக்கை நுழைத்து உப்பு நக்கும்.

ஆகஸ்டில் ஒரு மதியம் ஒருவன் தன் பெண்ணோடு வந்து இறங்கினான். பழைய கல்பாதையும் மாடுகளும் ஒரே படத்தில் வேண்டுமாம். ட்ரோனைப் பறக்கவிட்டான். மாடுகள் பாறை விளிம்பில் மேய்ந்துகொண்டிருந்தன. அவை திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காக அதை இன்னும் கீழே, இன்னும் கீழே இறக்கினான். மந்தை மிரண்டு ஓடியது. முன்னால் ஓடியது வியோலா. நான் சூப்புக் கரண்டியோடு வாசலில் நின்று பார்த்தேன். கடைசித் திருப்பத்தில் அது மற்ற மாடுகளை மலைப்பக்கமாகத் தள்ளியது என்று மெங்கா சொல்கிறாள். நான் பார்த்தது, அது இருந்த இடத்தில் இல்லாமல் போனதைத்தான்.

செத்த மாட்டை இங்கே புதைக்க முடியாது, எல்லாம் பாறை. ஹெலிகாப்டர் வந்து, கால்களைக் கட்டி, கயிற்றில் தொங்கவிட்டு எடுத்துப் போனது. அதையும் நின்று படம் எடுத்தார்கள். ஒரு பெண் தன் குழந்தையைத் தோளில் தூக்கி, "பாரு, மாடு பறக்குது" என்று காட்டினாள். அன்று சூப்பு இல்லை என்று சொல்லி எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டேன், பானை நிறையச் சூப்பு இருந்தது.

ட்ரோன்காரன் மெங்காவிடம் வந்தான். வருத்தம் இருந்தது அவன் முகத்தில், நான் பொய் சொல்லவில்லை. ஆனால் அவன் வாயிலிருந்து வந்தது, "இன்சூரன்ஸ் இருக்கும்ல?" என்பதுதான். மெங்கா அவனை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "அவ பேரு வியோலா. ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிட்டுப் போ" என்றாள். அவன் ஏதோ முனகிக்கொண்டே காரில் ஏறிவிட்டான். வளைவுகளில் அந்தக் கார் இறங்கி மறையும்வரை அவள் அங்கேயே நின்றாள். மாலையில் வியோலாவின் பெரிய மணியை எடுத்து, நாக்கு அசையாமல் வாய் நிறையப் புல்லைத் திணித்து, குடிசை ஆணியில் மாட்டினாள்.

செப்டம்பரில் மாடுகள் இறங்கும்போது தலையில் பூ வைத்து இறங்குவது வழக்கம். ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு கிரீடம்போலக் கட்டுவார்கள். எல்லா வருஷமும் கட்டமாட்டார்கள். கோடை முழுவதும் மனிதரோ மாடோ ஒன்றுகூடச் சாகாமல் திரும்பினால் மட்டும்தான் பூ. ஒன்று போனாலும் வெறுந்தலையோடு இறங்க வேண்டும். எங்கும் எழுதி வைத்ததில்லை, யாரும் மீறியதும் இல்லை. மலை எல்லாரையும் திருப்பித் தந்ததற்கு நன்றி அந்தப் பூ. அழகுக்கு வைப்பதில்லை.

இது கர்டினுக்குத் தெரியாததல்ல. கணவாய் விழாக் குழுவின் செயலாளர் அவன்தான். உடம்பைப் பிடிக்கும் கோட்டும் கூர்மூக்கு ஷூவுமாக ஒரு கட்டு போஸ்டரோடு என் விடுதிக்கு வந்தான். பழைய கல்பாதையில் பூச்சூடிய மாடுகளின் ஊர்வலம், பார்க்க வாருங்கள் என்று போட்டிருந்தது. நடுவில் பெரிதாகப் போன வருஷம் எடுத்த படம்: பூக்கிரீடத்தோடு வியோலா.

மெங்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "இது யாருடா?"

"தெரியும், மெங்காக்கா. ஆகஸ்டுக்கு முன்னாடியே அச்சடிச்சது."

"யாருன்னு கேட்டேன்."

"வியோலா. எங்க வீட்டு மாடு."

உண்மைதான். வியோலா அவன் அப்பாவின் தொழுவத்தில் பிறந்தது.

"உங்க வீட்டு மாடு. இவளோட பாட்டி மடியில நேரா வாய வச்சுக் குடிச்சவன் நீ. உங்கம்மா துடைப்பத்தோட துரத்தினா. மறந்துட்டியா?"

"மறக்கல. பஸ் பஸ்ஸா ஆளு வரப்போகுது. வெறுந்தலையா மாடு போனா என்ன பாப்பாங்க?"

"மாடு செத்துச்சுன்னு பாப்பாங்க."

"அதப் பாக்கவா வர்றாங்க? பூவெல்லாம் கடையில சொல்லியாச்சு. நீ கட்டவே வேணாம், எங்க ஆளுங்க கட்டிடுவாங்க. நீ சும்மா நடந்து வந்தா போதும்."

"நான் சும்மா நடக்கிறவ இல்ல."

கர்டின் என்னைப் பார்த்தான். நான் பானையைப் பார்த்தேன். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "சங்கத்துல ஏற்கெனவே பேச்சு இருக்கு. மாடு விட்டதுக்கு ஆள மாத்தணும்னு சொல்றாங்க. நான்தான் உனக்காகப் பேசிக்கிட்டிருக்கேன். இதையும் செய்யலன்னா அடுத்த கோடைக்கு என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

மெங்காவின் காது மடல் சிவந்தது. அவளுக்குக் கோபம் வந்தால் முகம் மாறாது, காதுதான் காட்டிக்கொடுக்கும். "மாட்ட நான் விட்டேனா?" என்று மட்டும் கேட்டாள். அவன் போஸ்டரை என் கதவில் ஒட்டிவிட்டுப் போனான். அவன் கார் கிளம்பியதும் நான் அதைக் கிழித்து அடுப்பில் போட்டேன். மெங்கா அன்று சூப்பைக் குடிக்கவில்லை. அடுத்த கோடையிலும் அந்தச் சலவை அறையிலேயே நிற்கும் தன்னை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

விழா நாளில் சாலையின் இரு பக்கமும் கயிறு கட்டி ஜனங்கள் நெருக்கியடித்து நின்றார்கள். தூரத்தில் மணிச்சத்தம் கேட்டதும் எல்லாக் கைகளும் போனோடு உயர்ந்தன. கல்பாதைத் திருப்பத்தில் மந்தை தெரிந்தது. ஒரு மாட்டின் தலையிலும் ஒரு இதழ்கூட இல்லை. தலைமாடு நடக்க வேண்டிய இடத்தில் மாடே இல்லை. அங்கே மெங்கா நடந்து வந்தாள், தோளில் வியோலாவின் மணியைச் சுமந்துகொண்டு. அகலமான தோல்வார் அவள் கழுத்தை அறுத்திருந்தது. நடந்த நடையில் திணித்த புல் வழியெல்லாம் உதிர்ந்துபோயிருந்தது.

கர்டின் ஒரு பூக்கிரீடத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கயிற்றைத் தாண்டி ஓடினான். "மெங்காக்கா, ஒண்ணே ஒண்ணு. முன்னால போற மாட்டுக்கு மட்டும். எல்லாரும் பாக்கறாங்க."

மெங்கா சாலையின் நட்டநடுவில் நின்றாள். பின்னால் மந்தையும் நின்றது. "முன்னால போற மாட்டுக்கா?" என்றாள். "முன்னால போறது உங்க வீட்டு மாடு. நீயே தூக்கிட்டுப் போ." தோளிலிருந்து மணியை இறக்கி, தோல்வாரை அவன் தலைவழியாக மாட்டிவிட்டாள். பூவைப் பிடித்திருந்த கைகளால் அவனால் தடுக்க முடியவில்லை. பாரத்தில் அவன் முன்னால் சாய்ந்தான், மணி கணீரென்று அடித்தது.

இதுவும் விழாவில் சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டு ஜனங்கள் கைதட்டினார்கள். யாரோ விசிலடித்தார்கள். கர்டின் அந்தச் சத்தத்தைக் கேட்டான், பிறகு கீழே மணியைப் பார்த்தான். தொழுவத்தில் மாடு செத்த நாளில் அவன் அப்பாவின் முகம் எப்படி இருக்குமோ, அவன் முகம் அப்படி ஆகிவிட்டது.

மெங்கா கூட்டத்தின் பக்கம் திரும்பவே இல்லை. சாலை ஓரம் போய்க் குனிந்து, ஒரு கை நிறையப் புல்லை வேரோடு பிடுங்கி வந்து, அவன் நெஞ்சில் தொங்கிய மணியின் வாயில் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் திணித்தாள்.