சம்மாந்துறையில் நான் தொட மறுத்த கால்

போன பெரும்போக அறுவடையின்போது மட்டக்களப்பிலிருந்து சம்மாந்துறைக்குப் போனேன். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல; மசாஜ் என் தொழில். அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் ரிஸ்விக்குத் தீராத முதுகுவலி. நூற்றிருபது கிலோ ஆள், எவர் கையும் உள்ளே இறங்கவில்லை என்று அவருடைய கூட்டாளி ஜவ்பர் போனில் அழைத்திருந்தார்.

கல்முனை வரை நாற்பது கிலோமீட்டர் பஸ், ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து ஜவ்பரின் மோட்டார் சைக்கிள். மாவடிப்பள்ளி தாண்டியதும் நெல் ஏற்றிய டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்தோம்.

"மூட்டைக்கு மேல படுக்கப் போட்டு ஏறி மிதிக்கிற. அதுதான் எங்கட மருந்து" என்று ஜவ்பர் சிரித்தார். ஆலையில் எல்லோருக்கும் அப்படித்தானாம்.

பெரிய உடம்பைப் பெருவிரலால் குத்துவது வீண். கெட்டுப்போவது நம் விரல்தான். ரிஸ்வியை அவர் வீட்டுத் தரையில் பாயில் படுக்கவைத்து, முன்கையை முதுகில் ஊன்றி என் பாரத்தை மெல்லச் சாய்த்தேன். அவசரப்பட்டால் தசை இறுகிக்கொள்ளும். அவர் மூச்சு விட விடக் கை இறங்கியது.

"இன்னும் உரமா அமத்துங்க தம்பி" என்றார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு காலுக்கு வந்தேன். இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கி, பளபளத்து, நெருப்பாய்ச் சுட்டது. கையை எடுத்துவிட்டேன். இரத்தம் கட்டியிருக்கலாம், அமுக்கினால் அது நுரையீரலுக்குப் போய் அடைத்துவிடும், இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றேன்.

"நாளைக்கு லொறி வருது தம்பி. அறுப்பு முடியட்டும்."

ரிஸ்வியின் மனைவி கதவோரம் நின்று கெஞ்சினார். "ஓம், பொழுது பட்டு மஃரிபு தொழுதிட்டுப் போறன்" என்று ரிஸ்வி வாக்குக் கொடுத்த பிறகே நான் கிளம்பினேன்.

மறுநாள் காலை ஜவ்பர் அழைத்தார். "ரிஸ்வி மௌத்தாயிட்டான்." மரணச் செய்தியைச் சொல்லிச் சத்தம் போட்டு அழுதார். "ஆஸ்பத்திரிக்குப் போகல்ல. கால் கடுக்குது, ஒருக்கா மிதி எண்டு கெஞ்சினான். மிதிச்சன். சுகமா இரிக்கி எண்டுதான் சொன்னான்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

பெரிய உடம்பைத் தொடுகிறவர்கள் முதலில் இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் வீங்கிச் சுட்டால் கை வைக்காதீர்கள். வாக்கை நம்பாமல், ஆளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு பஸ் ஏறுங்கள்.

அன்றே திரும்பவும் சம்மாந்துறை போனேன். ஜனாஸாவை, அவர் உடலை, வைத்துச் சுமக்கும் சந்தூக்குப் பெட்டி நல்ல பாரம். தூக்குகிறவர்கள் நாலு பக்கமும் மாறி மாறித் தோள் கொடுப்பது வழக்கம். ஜவ்பர் அடக்கம் செய்யும் மையவாடி வரை தலைமாட்டிலேயே தோள் கொடுத்து நடந்தார். கால்மாட்டுக்கு வரச் சொல்லி எத்தனை பேர் கூப்பிட்டும் அவர் வரவில்லை.