கேமரா காட்டிக்கொடுத்த மூக்கு

குரோம்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். போன வருடம் மாணவி ஒருத்தியின் மாமா, கல்யாணங்களுக்கு வீடியோ எடுப்பவர், ஆடி மாதத்தில் முகூர்த்தம் இல்லை என்று தன் கேமராவை இரவல் தந்தார். பாடத்தை மாணவிகளே நடித்துப் படமெடுக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அம்மோனியா பாடம். ரேவதி சீருடைமேல் புடவையைச் சுற்றிக்கொண்டு டீச்சராக நின்றாள். "வாயுவை நேரா மோந்து பாக்கக்கூடாது. கையால விசிறித்தான் பாக்கணும்" என்றவள், சோதனைக்குழாயை மூக்கருகே கொண்டுபோய் ஆழமாக முகர்ந்தாள். அடுத்த நொடி மூச்சுத் திணறி இருமினாள். கண்களில் தண்ணீராகக் கொட்டியது. ஜன்னலருகே இழுத்துப்போய் நிறுத்தினேன். அவள் சரியாவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"கூடாதுன்னு சொல்லிக்கிட்டே ஏன்டி செஞ்ச?" என்று கத்தினேன்.

"நீங்க அப்படித்தானே மிஸ் செய்வீங்க? உங்கள மாதிரியே நடிச்சேன்."

வகுப்பில் ஒருத்திகூட மறுக்கவில்லை. இத்தனை வருடப் பழக்கம் எனக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்திருக்கிறது.

இப்போதெல்லாம் சோதனை செய்து காட்டும்போது, நான் பேசுவதைக் கேட்காமல் என் கையை மட்டும் கவனிக்கும்படி ஒருத்தியிடம் சொல்லிவிடுகிறேன். நேற்றுகூடப் பின்பெஞ்சிலிருந்து குரல் வந்தது: "மிஸ், மூக்கு!"