படகுக் கொட்டகைக்குப் பின்னால்

ஓலாவ் திருவிழா முடிந்த மறுநாள், ஜூலை முப்பதாம் தேதி வியாழக்கிழமை காலை, கோல்கீப்பர் மிலுத்தின் ஹெல்லுவாக் ஊரை விட்டுப் போனான். ருமேனியாவில் ஒரு பெரிய கிளப் அவனை எடுத்துக்கொண்டது. அறுநூறு பேர் உள்ள ஊரில் பாதிப் பேர் பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். அவனுடைய பையைத் தூக்கி வந்தவன் ஹோக்னி. ஒன்பது வருஷமாக மாற்று கோல்கீப்பர். அந்த ஒன்பது வருஷத்தில் அவன் களத்தில் நின்றது மொத்தம் பதினோரு நிமிடம்.

“இனிமே நீதான்” என்று மிலுத்தின் அவன் தோளில் தட்டிச் சிரித்தான். ஹோக்னியும் சிரித்து வைத்தான். பஸ் திரும்பி மறைந்ததும் மீதி ஆட்டங்களை விரல்விட்டு எண்ணினான்.

ஃபேரோ தீவுகளின் முதல் டிவிஷனில் பத்து அணிகள். கடைசி இரண்டு கீழே இறங்கும். ஹெல்லுவாக் அப்போது எட்டாவது இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பத்து ஆட்டங்கள் பாக்கி. இருபத்திரண்டு வருஷமாகக் கீழே இறங்காத ஊர். புது ஆளை எடுக்கும் கெடுவும் முடிந்துவிட்டது. முப்பத்தேழு வயது, வாரம் ஐந்து நாள் கடலில் சால்மன் மீன் வளர்க்கும் கூண்டுகளில் வேலை, ஊரை இறக்கியவன் என்ற பெயரோடு சாகும்வரை அதே ஊரில் வாழவேண்டும். இதுதான் ஹோக்னியின் கணக்கு.

பயிற்சியாளர் கார்ஸ்டினிடம் போய் நின்றான்.

“முழங்கால் வலிக்குது, கார்ஸ்டின்.”

“எந்த முழங்கால்?”

“வலது.”

“நேத்து இடதுன்னியே? டேய், உன்னை விட்டா வேற யாருடா இருக்கா? என் மாமியாரையா கோல்ல நிறுத்தச் சொல்றே?”

முதல் ஆட்டத்தன்று ஹோக்னிக்கு ஒரு யோசனை வந்தது. மிலுத்தின் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு மைதானத்தை ஒட்டிய படகுக் கொட்டகைக்குப் பின்னால் தனியாகப் போவான். ஐந்து நிமிடம் கழித்து முகம் வெளுத்து, வாயைத் துடைத்துக்கொண்டு வருவான். செர்பியாக்காரன், அவர்கள் சபையில் தண்ணீர் தெளித்து ஜெபிப்பார்கள் போலிருக்கிறது என்று ஊர் முடிவு செய்திருந்தது. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற ஜனங்கள். ஜெபிக்கிறவனை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. குழந்தைகள் அந்தப் பக்கம் ஓடினால்கூடப் பிடித்து இழுத்துவிடுவார்கள்.

ஹோக்னியும் பாட்டிலோடு போனான். கண்ணை மூடினான். பரமண்டல ஜெபம் பாதியில் மறந்துபோனது. தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டான், குளிர்ந்ததுதான் மிச்சம். மிலுத்தினுக்குச் செவிகொடுத்த கடவுள் தனக்குச் செவிகொடுக்கவில்லை என்ற பயமும் பழைய பயத்தோடு சேர்ந்துகொண்டது.

மூன்றாவது ஆட்டத்தில் அது நடந்தது. சமநிலை. பந்து கையில் இருந்தது. கடல்காரன் வழக்கப்படி துறைமுகத்துக் கொடியைப் பார்த்தான். அது தொய்ந்து கிடந்தது. சரியென்று உயரமாக உதைத்தான். அதே நொடியில் மலைக்காற்று பின்னால் சுற்றிவந்து எதிரே அறைந்தது. மேலே போன பந்து நின்றது, யோசித்தது, திரும்பியது. பின்னால் ஓடி ஓடி, கைகளை நீட்டியபடியே, தன் தலைக்கு மேலாக அது தன் வலைக்குள் போவதை அவன் பார்த்தான்.

திங்கட்கிழமை கூண்டில் வேலை செய்கிறவன் ஒருவன் தூண்டிலை நீட்டினான். “ஹோக்னி, இதைக் கொஞ்சம் வீசேன். திரும்பி வந்து உன் வாயிலயே மாட்டுதான்னு பார்க்கணும்.”

அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை. மனைவி சோல்ரூன் உலர்ந்த ஆட்டிறைச்சியையும் உருளைக்கிழங்கையும் முன்னால் தள்ளினாள்.

“பசிக்கல.”

“மூணு நாளாவா பசிக்கல? உனக்கு என்னதான் செய்யுது?”

பயமாக இருக்கிறது என்ற இரண்டு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அவளுடைய தம்பி ரோயி அணியின் தடுப்பாட்டக்காரன். சொன்னால் சாயங்காலமே அவன் காதுக்குப் போகும். “வயிறு சரியில்ல” என்றான்.

எப்படியோ தட்டுத்தடுமாறி அக்டோபர் வந்தது. கடைசி ஆட்டம் சொந்த மைதானத்தில். தோற்றால் ஒன்பதாவது இடம், கீழே. சமன் செய்தால் தப்பிக்கலாம். எண்பத்தெட்டாவது நிமிடம் வரை ஒன்றுக்கு ஒன்று. அப்போது ரோயி ஒருவனைத் தட்டிவிட்டான். பெனால்டி.

காற்று கூவிக்கொண்டிருந்தது. புள்ளியில் வைத்த பந்து மூன்று தடவை உருண்டது. அங்கே வழக்கம் உண்டு. எதிரணிக்காரன் ஒருவன் குப்புறப் படுத்து, பந்தை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். படுத்தபடியே நிமிர்ந்து ஹோக்னியைப் பார்த்துக் கண்ணடித்தான்.

“அத்தான், வலது பக்கம்! அவன் எப்பவும் வலதுதான்!” என்று ரோயி கத்தினான்.

வலது எது என்று ஹோக்னிக்குத் தெரியவில்லை. முட்டிகள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. பாய வேண்டும் என்று மூளை சொன்னது. கால் புல்லில் முளைத்த மாதிரி நின்றது. உதைப்பவன் ஓடிவந்தான். ஹோக்னி கண்ணை மூடிக்கொண்டான்.

நெஞ்சில் சம்மட்டி விழுந்தது போலிருந்தது. கண்ணைத் திறந்தபோது அவன் உட்கார்ந்திருந்தான். ரோயி பந்தைக் கடல் பக்கம் ஓங்கி உதைத்துக்கொண்டிருந்தான்.

ஹெல்லுவாக் இறங்கவில்லை. அவனைத் தோளில் தூக்கினார்கள். கார்ஸ்டின் அழுதுகொண்டே கத்தினான்: “அசையாம நின்னான் பாருங்கடா! நடுவுலதான் அடிப்பான்னு தெரிஞ்சு நின்னான்! என்னா நெஞ்சுடா இவனுக்கு!” மேலே ஆடிக்கொண்டிருந்த ஹோக்னி, இறக்கிவிட்டால் போதும், ஓடிப்போய் வாந்தி எடுக்கலாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான்.

அந்தக் குளிர்காலத்தில் முழங்காலைக் காரணம் காட்டி விலகிக்கொண்டான். ஊர் மறக்கவில்லை. கடையில், கோயில் வாசலில், “எப்படிடா அசையாம நின்னே?” என்று கேட்பார்கள். “நின்னேன், அவ்ளோதான்” என்பான். ஒவ்வொரு தடவையும் இவர்களுக்குத் தெரிந்துவிட்டதோ என்று கேட்டவர் முகத்தைப் பார்ப்பான்.

மூன்று வருஷம் கழித்து ஒரு பிப்ரவரி மத்தியானம், கூண்டு வலையைக் கழுவிக்கொண்டிருந்தபோது கைபேசி அதிர்ந்தது. மிலுத்தின் அனுப்பிய குரல்செய்தி.

“ஹோக்னி, உன் பெனால்டி வீடியோவை இன்னைக்குத்தான் ஒருத்தன் காட்டினான். இங்க எல்லாரும் கைதட்டினாங்க. நான் உன் முட்டியை மட்டும்தான் பார்த்தேன். பயத்துல விறைச்சுப் போயிட்டே, இல்ல? யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நான் நேத்துகூட ஆட்டத்துக்கு முன்னாடி வாந்தி எடுத்தேன். பதினாறு வயசுலேர்ந்து இப்படித்தான். இங்க எந்தப் பக்கம் திரும்பினாலும் கேமரா, ஒதுங்க இடமே இல்ல. உங்க ஊர்ல அந்தப் படகுக் கொட்டகைக்குப் பின்னாடி மட்டும்தான் நிம்மதியா எடுப்பேன். நாலு வருஷத்துல ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கல. அது ஏன்னுதான் எனக்கு இன்னும் புரியல.”