காலியாகத் திரும்பாத தட்டுகள்

வீட்டுத் தொழில் ஏன் படுத்துவிடுகிறது என்று தொலைக்காட்சியில் டை கட்டியவர்கள் விலாவாரியாகப் பேசுகிறார்கள். முதலீடு போதவில்லையாம், விளம்பரம் போதவில்லையாம். தந்தா நகரத்தில் இன்ஸாஃபின் தொழில் படுத்ததற்கு இதெல்லாம் காரணமில்லை. காரணம் மீசை வைத்துக்கொண்டு அவள் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தது. பெயர் ரிஃப்அத். அவள் கணவன்.

தலை நரைக்கும்வரை ஓர் அரசாங்க அலுவலகத்தில் ரப்பர் முத்திரை குத்திவிட்டு ஓய்வு பெற்றவன் ரிஃப்அத். குத்துவதற்குக் காகிதம் இல்லாமல் போனதும் கை அரித்தது. மகன் ஹிஷாம் குவைத்தில் தன் குடும்பத்தோடு இருந்தான், அவனை அதட்ட முடியாது. மிச்சம் இருந்தது மனைவியும் அவள் சமையலும்தான்.

அந்தச் சமையலைக் குறை சொல்ல ஆள் கிடையாது. திராட்சை இலைக்குள் அரிசியும் கீரையும் வைத்துச் சுருட்டும் மஹ்ஷியை எல்லாப் பெண்களும் செய்கிறார்கள். இன்ஸாஃப் சுருட்டுவது சுண்டுவிரலைவிட மெலிசாக இருக்கும், வெந்த பிறகும் ஒன்றுகூடப் பிரியாது. இதை விற்கலாம் என்று தோன்றியது அவளுக்குத்தான். நிச்சயதார்த்தத்தில் போட்ட இரண்டு தங்க வளையல்களையும் விற்று, ஆள் படுக்கும் அளவுக்கு, சமைத்ததைக் குளிரில் காக்க ஓர் உறைபெட்டியும் பெரிய அடுப்பும் வாங்கினாள். தொழில் ஓடினால் வளையல் திரும்ப வரும். ஓடாவிட்டால் கடைசிவரை வெறுங்கைதான்.

ரிஃப்அத்தின் பங்களிப்பு, பளபளக்கும் அட்டைகள். ‘ரிஃப்அத் உணவு நிறுவனம், நிர்வாக இயக்குநர் உஸ்தாத் ரிஃப்அத்’ என்று தனக்குத்தானே மரியாதைப் பட்டமும் சூட்டித் தங்க எழுத்தில் அடித்துக்கொண்டு வந்தான். ஓர் இலையின் காம்பைக்கூடக் கிள்ளிப் போடாத இயக்குநர்.

“அலுமினியப் பெட்டி வாங்கணும், ஹிஷாம் அப்பா. சாப்பாடு அதுலதான் போகணும்” என்றாள் இன்ஸாஃப்.

“பெட்டியா? நாம என்ன ரயிலடியிலயா கடை போட்டிருக்கோம்? கவுரவமான குடும்பம்டி. நம்ம கல்யாணப் பீங்கான் தட்டு எதுக்கு இருக்கு?”

இந்த இடத்தில் இன்ஸாஃபையும் சும்மா விடக்கூடாது. அவளும் தலையை ஆட்டினாள். தட்டு பார்க்க அழகாக இருக்கும் என்று அவளுக்கும் ஓர் அற்ப ஆசை.

பக்கத்து வீட்டிலிருந்து வந்த தட்டை அந்த ஊரில் யாரும் காலியாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். பெட்டியில் போயிருந்தால் அது சரக்கு. பீங்கான் தட்டில் போனதால் அன்பளிப்பாகிவிட்டது. ஒரு பகல் முழுக்க இடுப்பொடியச் சுருட்டிய மஹ்ஷிக்குப் பதிலாகத் தட்டில் நாலு கொய்யாப்பழம் வந்தது. அரிசிப் பாயசம் வந்தது. யாரோ தின்னாமல் வைத்திருந்த பருப்புக்கூட வந்தது. வாங்கியவர்கள் கணக்கு முடிந்ததென்று நிம்மதியாக ஏப்பம் விட்டார்கள். வளையலை விற்று வாங்கிய உறைபெட்டி, தெருவிலுள்ள சோம்பேறிகளின் மிச்சம் மீதியால் நிரம்பியது.

மனசாட்சி உள்ள ஓரிருவர் மட்டும் வந்து, “எவ்வளவு ஆச்சு, உஸ்தாத்?” என்று கேட்டார்கள். அவர்களையும் ரிஃப்அத் கெடுத்தான்.

விலை கேட்டால் “இருக்கட்டும், விடுங்க” என்று சொல்வது அங்கே எல்லா வியாபாரிக்கும் வழக்கம். துணிக்கடைக்காரன் சொல்வான், டாக்ஸிக்காரன் சொல்வான். வாய்தான் சொல்லும், கை நீட்டியபடியே இருக்கும். வாங்கியவன் வற்புறுத்துவான், காசு கைமாறும், இருவருக்கும் மரியாதை மிச்சம். இது குழந்தைக்குக்கூடத் தெரியும். ரிஃப்அத் கையையும் இழுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டான். அதோடு விட்டானா? தெருவுக்கே கேட்கும்படி, “நீங்க காசு குடுத்தா என் பெண்டாட்டி தலாக்!” என்று சத்தியம் வேறு செய்தான்.

அடுப்படியில் இலைக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்த இன்ஸாஃப் இதைக் கேட்டாள். ஒரு தட்டு மஹ்ஷிக்குத் தன் கல்யாணத்தைப் பணயம் வைக்கிறானே என்று முதல் தடவை வெந்நீரை இலைக்கு வெளியே ஊற்றிவிட்டாள். பிறகு அந்தச் சத்தியமே வாடிக்கையானது. அப்படி ஒரு சத்தியத்துக்குப் பிறகு யார் காசை நீட்டுவார்கள்? ஒரு குடும்பத்தைப் பிரிக்கலாமா என்று பெருமூச்சு விட்டுக்கொண்டே பர்சை மூடினார்கள். அவர்களுடைய ஈர நெஞ்சைப் பார்க்கப் பார்க்க இன்ஸாஃபுக்குக் காறித் துப்பலாம் போலிருந்தது.

ரமளான் முடிவதற்குள் அரிசிக்குக் காசில்லை. “இந்த நாட்டுல தொழில் பண்ண முடியாது. ஜனங்களுக்குக் கலாசாரமே இல்ல. உறைபெட்டியை வித்துடு” என்று இயக்குநர் தீர்ப்புச் சொன்னார். வாங்குவதற்கு ஓர் ஆளையும் பேசிவிட்டு வந்திருந்தார்.

அந்தச் சமயம் பார்த்து ரிஃப்அத்தின் தங்கை தஹானி வந்தாள். பெருநாளுக்கு மறுநாள் அவள் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் மொத்தப் பேருக்கும் மஹ்ஷி வேண்டும் என்றாள். இந்தக் காசு வந்தால் உறைபெட்டி தங்கும், வராவிட்டால் அது போகும், அதோடு வளையலும் போனது போனதுதான் என்று இன்ஸாஃபுக்குத் தெரியும். கடைசியாகக் கடன் வாங்கி இலை வாங்கினாள். கூடவே அலுமினியப் பெட்டிகளும் வாங்கினாள். கணவனிடம் கேட்கவில்லை.

விருந்தன்று தஹானி பட்டும் அத்தருமாக வந்து நின்றாள். அடுக்கிய பெட்டிகளைப் பார்த்து மூக்கைச் சுளித்துவிட்டு, “எவ்வளவு அண்ணா?” என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டாள்.

“ஏ, என்ன பேச்சு பேசறே? உன்கிட்ட காசா? நீ மட்டும் குடுத்தா என் பெண்டாட்டி...”

“தலாக்” என்று இன்ஸாஃபே முடித்து வைத்தாள். “சொல்லியாச்சா? நல்லது. தஹானி, காசை எடு.”

“அய்யோ மதனி, அண்ணன் சத்தியம் பண்ணிட்டாரே! நான் காசு குடுத்து உங்க குடும்பத்தைப் பிரிக்கணுமா?”

“பிரியட்டும். காசு வரலேன்னா ஒரு பெட்டிகூட இந்த வாசப்படி தாண்டாது. உன் வீட்டுல மாப்பிள்ளை வீட்டார் உக்காந்திருக்காங்க, வெறும் தண்ணியைக் குடிச்சுட்டுப் போகட்டும்.”

“ஹிஷாம் அம்மா!” ரிஃப்அத்தின் குரல் கீச்சென்று வந்தது. “என்ன பேசறேன்னு தெரியுதா? சத்தியம் பலிச்சுடும்!”

“பலிச்சா உங்களையும் உங்க தங்கச்சியே தூக்கிட்டுப் போகட்டும். தஹானி, பெட்டிக்குத்தான் காசு. இவரைச் சும்மாவே எடுத்துக்க.”

தஹானி அண்ணனை ஏற இறங்கப் பார்த்தாள். அண்ணன் மேல் அவளுக்கிருந்த பாசத்தின் ஆழம் அந்த ஒரு பார்வையில் தெரிந்துபோயிற்று. வாயை மூடிக்கொண்டு முழுப் பணத்தையும் உறைபெட்டி மேல் வைத்துவிட்டு, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ரிஃப்அத் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்கு ஓடினான். திரும்பி வந்தபோது மீசை தொங்கியிருந்தது. மனதார நினைக்காமல் வாய்க்கு வந்ததைச் சொன்னதால் கல்யாணம் முறியவில்லையாம். ஆனால் சத்தியத்தை முறித்ததற்குப் பரிகாரம் உண்டு. பத்து ஏழைகளுக்கு வயிறார உணவு கொடுக்க வேண்டும் என்று மார்க்கம் தெரிந்த ஷேக் சொல்லி, இனி இப்படி உளறினால் வாசலுக்கே வராதே என்று விரட்டியும் விட்டாராம்.

இன்ஸாஃப் அடுப்படிக்குப் போய், மிச்சமிருந்த மஹ்ஷியைப் பத்துப் பெட்டிகளில் நிரப்பி, மூடி, கொண்டுவந்து கணவன் முன்னால் அடுக்கினாள்.

அவன் பெட்டிகளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். “எவ்வளவு?” என்றான்.

“இருக்கட்டும், விடுங்க” என்றாள் இன்ஸாஃப்.

வளையல் இல்லாத அவள் கை நீட்டியபடியே இருந்தது.