ஸ்டீரிங்குக்குத் தைத்த ரவிக்கை

என் கணவர் ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவே பஸ் ஓட்டினார். வண்டி அவருடையதல்ல, முதலாளி வேறொருவர். ஆனால் என் வீட்டுக்காரர் அதைத் துடைக்கிற அழகைப் பார்த்தால், என் அப்பா சீதனமாகக் கொடுத்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். என் தம்பி அதே வண்டியில் கண்டக்டர். நான் வீட்டில் கை மிஷின் வைத்து அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன்.

எண்ணூர் ரோட்டில் கடற்கரை மணல் புகாத இடம் கிடையாது. காதில் புகும், சோற்றில் புகும், வண்டிக்குள்ளும் புகும். முன்சக்கரங்களைத் திருப்புகிற கம்பியின் இரு முனையிலும், நம் முழங்கால் மாதிரி, உருண்டையான ஒரு இரும்பு மூட்டு இருக்கிறது. அதில் கிரீஸை அப்பி, மேலே ஒரு தோல் உறையை மாட்டி, இரண்டு பக்கமும் வாரால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். உறை கிழிந்தால் மணல் உள்ளே போகும். போனால் ஸ்டீரிங் சொன்னபடி கேட்காது. டிரைவர்கள் அந்த உறையை பூட்ஸு என்பார்கள். பிறந்ததிலிருந்து காலில் செருப்புகூடப் போடாத என் வீட்டுக்காரர், தினமும் காலையில், "பூட்ஸு பாத்துட்டு வரேன்" என்று துரை மாதிரி சொல்லிவிட்டுக் கிளம்புவார்.

ஒரு சமயம் கிரீஸ் டப்பா காலி. முதலாளி வெளியூர் போயிருந்தார். என் தம்பிக்குப் புளியந்தோப்பில் கசாப்புக்காரத் தோஸ்து ஒருவன் உண்டு. அவனிடம் ஆட்டுக் கொழுப்பு வாங்கிவந்து, மாமாவிடம் மூச்சுவிடாமல், இரண்டு பூட்ஸுக்குள்ளும் திணித்துக் கட்டிவிட்டான்.

மறுநாள் பஸ் கிளம்பியதும் பின்னாலேயே ஒரு நாய் ஓடி வந்தது. தண்டையார்பேட்டை வருவதற்குள் ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. வண்டிக்குள் இருந்த மீன்காரப் பெண்கள் ஒருத்தி கூடையை ஒருத்தி மோந்து பார்த்துச் சண்டை போட்டார்கள். "எம் மீனு காலைல புடிச்சது, உன்னுது தான் கலீஜ்!" என் தம்பி டிக்கெட் கிழிப்பதில் மிகவும் மும்முரமாக இருந்தானாம். எண்ணூரில் வண்டியை நிறுத்திவிட்டு இருவரும் சாப்பிடப் போனார்கள். திரும்பி வந்தபோது பூட்ஸும் இல்லை, கொழுப்பும் இல்லை. தோல்வாரின் நுனி மட்டும் ஒரு கறுப்பு நாயின் வாயில் தொங்கிக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் மூட்டில் கிரீஸை அப்பி, கோணித்துணியைச் சுற்றிச் சில நாள் ஓட்டினார். கோணிக்குள் மணல் புகுந்தது. ஒருநாள் திருவொற்றியூர் தாண்டி ஒரு வளைவில் அவர் ஸ்டீரிங்கைத் திருப்ப, சக்கரம் திரும்பாமல் நேராகப் போய், கருவாடு காயப்போட்டிருந்த மணல்வெளியில் இறங்கி நின்றது. யாருக்கும் அடியில்லை. கருவாடுதான் தட்டையாகிவிட்டது. அதற்குச் சொந்தக்காரி ஆறடி உயரம். குரல் அதற்கு மேல்.

"யோவ் டைவரு! ரோடு அங்க கீது, இங்க இன்னா பண்ற?"

"வண்டி திரும்பலம்மா."

"வண்டி திரும்பலையா, நீ திருப்பலையா?"

"பூட்ஸு இல்லம்மா, அதான்."

அந்த அம்மாள் அவருடைய வெறுங்காலைப் பார்த்தாள். "பூட்ஸு இல்லாம ரோடு தெரியாதா உனுக்கு? நான்கூடத்தான் போடல. ஒழுங்கா நடக்கல?"

இதைத் தம்பி வந்து நடித்துக் காட்டியபோது நான் சிரித்த சிரிப்பில் தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையின் கை கோணிப்போனது. என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. மூட்டைக் கழுவி கிரீஸ் வைத்தாயிற்று, ஆனால் புதுத் தோல் உறை கப்பலில் வரவேண்டும் என்றார். கிழிந்த டயர் டியூப் ஒன்று வீட்டு மூலையில் கிடந்தது. அதை எடுத்து இழுத்துப் பார்த்தேன்.

"நான் தெச்சித் தரேன்யா. அளவு கொண்டா."

நூலில் முடிச்சுப் போட்டு அளவு கொண்டுவந்தார். மிஷினில் தைத்தேன், ஊசி ஒடிந்தது. பிறகு கோணியூசியும் மெழுகு தேய்த்த நூலும் வைத்துக் கையாலேயே தைத்தேன். மாட்டிப் பார்த்ததில் ரொம்பப் பாந்தமாக இருந்ததாம். வண்டியை முதல் திருப்பம் திருப்பியதும் கம்பளிப்பூச்சி மாதிரி இழுபட்டுத் தையல் விட்டுப்போனது. சக்கரம் நேராக இருக்கும்போது அளவெடுத்திருக்கிறார் மனிதர்.

"கைய தூக்கச் சொல்லி அளவு எடுக்காம ரவிக்க தெப்பாங்களா? நானே வரேன்" என்றேன்.

"ஐயே, ஷெட்டுக்கா? நாலு பேரு பாத்தா இன்னா நெனப்பாங்க?"

"அந்த நாலு பேரு கருவாட்டு மேல வண்டி ஏத்துனப்ப இன்னா நெனச்சாங்களோ, அதையே நெனச்சிகட்டும்."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போனேன். பஸ் ஷெட்டுக்கு வெளியே தெருவோரமாக நின்றது. கோணியை விரித்து வண்டிக்கடியில் மல்லாந்து புகுந்தேன். மெட்டி போட்ட என் இரண்டு பாதம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவர் சீட்டில் உட்கார்ந்தார். "வலது பக்கம் திருப்பு" என்றால் திருப்புவார், நான் நூலால் அளப்பேன். கை முழுக்கத் தூக்கினால் எவ்வளவு துணி வேண்டுமோ, அப்படித்தான் அந்த மூட்டுக்கும். வாய் இரண்டும் இறுக்கமாக, நடுவில் தாராளமாக, பஃப் வைத்த கை மாதிரி இருக்கவேண்டும் என்று புரிந்துபோயிற்று.

அப்போதுதான் தெருவில் ஒருத்தி அலறினாள்.

"ஐயையோ! பஸ்ஸுல பொம்பள மாட்டிக்கினா!"

ஓடிவருகிற கால்களைத்தான் என்னால் பார்க்க முடிந்தது. என் வீட்டுக்காரரைச் சீட்டிலிருந்து இழுத்து இறக்கினார்கள்.

"அடிச்சிப் போட்டுட்டு மேலயே உக்காந்துகினு ஸ்டீரிங்க திருப்புறியா நீ?"

"எம் பொண்டாட்டிய்யா அது! அளவு எடுக்குறா!"

"பொண்டாட்டியேவா? பாவி!"

"அளவாமே! பித்து புடிச்சிடுச்சுடா இவனுக்கு."

நான் உடனே வெளியே வந்திருக்கலாம். வரவில்லை. நம்மைப் பற்றி நாலு பேர் பேசுவதைப் படுத்துக்கொண்டே கேட்கிற வாய்ப்பு உயிரோடிருக்கும்போது யாருக்குக் கிடைக்கிறது? எங்கள் பக்கத்து வீட்டுக்காரியின் குரல் கேட்டது. "தங்கமானவ. வாயிதான் கொஞ்சம் நீளம். என் ரவிக்கைய ஒரு மாசமா தரேன் தரேன்னு சொல்லிகினு இருந்தா. இனிமே யாரு கைல கேப்பேன்?" என்று மூக்கைச் சிந்தினாள். டீத்தண்ணி குடிக்கப் போயிருந்த என் தம்பி ஓடிவந்து, "அக்கா!" என்று என் காலைக் கட்டிக்கொண்டான். "நான்தான் காரணம்! கொழுப்ப வெச்சவன் நான்தான்!" என்று அழுதான். அதுவரை நாய்கள் ஏன் துரத்தின என்று அவருக்குத் தெரியாது. "எது? கொழுப்பா?" என்று கூட்டத்தின் பிடியிலிருந்தபடியே அவர் கத்தினார்.

இரண்டு பெரிய பூட்ஸ் கால்கள் வந்து நின்றன. போலீஸ்காரர்.

"பாடி எங்க?"

எனக்குத் தாங்கவில்லை. "பாடி இல்லீங்க, ரவிக்கதான். இன்னும் தெக்கவே இல்ல, அளவு எடுத்துகினு கீறேன்" என்றேன்.

தம்பி என் காலை விட்டான். முகமெல்லாம் கிரீஸோடு நான் ஊர்ந்து வெளியே வந்ததும் பக்கத்து வீட்டுக்காரி, "அப்ப என் ரவிக்க?" என்றாள். போலீஸ்காரர் சிரிப்பை அடக்க மீசையைத் தடவிக்கொண்டே, "இன்னா வண்டிக்கு ரவிக்க? போங்க, போங்க" என்று கூட்டத்தைக் கலைத்தார். என் வீட்டுக்காரர் தம்பியை ஷெட்டைச் சுற்றித் துரத்திக்கொண்டிருந்தார்.

புது ரப்பர் பூட்ஸ் எந்தப் பக்கம் திருப்பினாலும் பிய்யவில்லை. ஆனால் கொஞ்ச நாளில் கிரீஸ் பட்டு ஊறி, பாலில் போட்ட ஆப்பம் மாதிரி உப்பிவிட்டது. நான் ரப்பர் துண்டுகளை வெட்டி, வீட்டிலிருந்த எண்ணெய் ஒவ்வொன்றிலும் ஊறப்போட்டுப் பார்த்தேன். விளக்கெண்ணெயில் போட்டது மட்டும் போட்டபடியே கிடந்தது. அதில் மெழுகைக் காய்ச்சிக் குழைத்து மூட்டுக்கு வைத்தோம். நின்றது. நாய்களும் அதை மோந்து பார்த்துவிட்டு முகம் சுளித்துக்கொண்டு போயின.

விஷயம் பரவி, எங்களுக்குப் போட்டியாக ஓடிய பஸ்ஸின் டிரைவர் ஒரு மத்தியானம் டியூபும் கையுமாக வந்தார். தைத்துக் கொடுத்தேன். அதை ரோட்டில் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் கடுகடுவென்று வீட்டுக்கு வந்தார்.

"நம்ம வண்டி அளவ அவனுக்குக் குடுத்தியாமே?"

"குடுத்தேன். ஆனா அவுங்குளுது ஒட்டுப் போட்ட டியூபு. நம்முளுது மாதிரி வருமா?"

அவர் முகம் தெளிந்து, மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இன்னா கொழம்பு இன்னிக்கி?" என்றார்.