மலையிறங்கி வந்த ஒன்பது பொதிகள்

டேட்டாவை மிச்சம் பிடிப்பதில் விஜயகலாவை மிஞ்ச அந்தத் தோட்டத்தில் ஆள் கிடையாது. போனில் எதை இறக்கினாலும், "இதையும் சேர்த்து இறக்கவா" என்று அது கேட்கும் இடத்திலெல்லாம் யோசிக்காமல் வேண்டாம் என்று அமுக்கிவிடுவாள். ரீலோட் போட வேண்டுமென்றால் மூன்று மைல் நடக்க வேண்டும். நடந்த கால்களுக்குத்தான் ஒரு எம்.பி.யின் அருமை தெரியும்.

எஹலியகொடவுக்கு மேலே இருக்கும் அந்த ரப்பர் தோட்டத்துப் பிள்ளைமடுவம் அவள் பொறுப்பில் இருந்தது. அம்மாமார் விடியற்காலையில் பதினான்கு பிள்ளைகளை அவளிடம் ஒப்படைத்துவிட்டு ரப்பர் பால் வெட்ட மலையேறுவார்கள். பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது, கஞ்சி ஊட்டுவது, மாதம் ஒருமுறை தராசில் நிறுப்பது, தடுப்பூசித் தேதியை அம்மாமாரின் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது எல்லாம் அவள்தான். முப்பத்திரண்டு வயது. லயத்து வரிசை வீடுகளில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் டீச்சர்.

உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தியடைந்தவள், பல்கலைக்கழகம் போகத் தேவையான வெட்டுப்புள்ளிதான் எட்டவில்லை. அந்த ஆற்றாமையில்தான் டவுனில் சனிக்கிழமைப் பின்னேர கம்ப்யூட்டர் டிப்ளோமா வகுப்பில் சேர்ந்தாள். முடிவில் சொந்தமாக ஒரு ப்ரோகிராம் எழுதி ஓட்டிக் காட்ட வேண்டும். போன வருடம் மடுவத்துப் பிள்ளைகளுக்கு அம்மை போட்டதால் அவளால் போக முடியவில்லை. இந்த முறையும் தவறினால் பெயரை எடுத்துவிடுவார்கள். அந்தச் சனிக்கிழமை நான்கு மணிக்கு அவள் முறை.

பதினான்கு பிள்ளைகளின் மாத நிறைகளை வாசித்து, பிள்ளைக்கு ஒரு கோடாக வரைந்து காட்டும் ப்ரோகிராம் அது. அன்று காலையில் பிள்ளைகள் தூங்கிய நேரத்தில், இரண்டாம் கையாக வாங்கிய லெப்டொப்பைத் திறந்து ஓட்டினாள். ஓடவில்லை. கோடு வரைய முன்பே இறக்கியிருந்த மென்பொருள் பொதிக்குத் துணையான ஏதோ ஒரு பொதி இல்லை என்றது. இருந்த டேட்டாவில் அதை இறக்கினாள். உடனே இன்னொன்று இல்லை என்றது. டேட்டா தீர்ந்தது.

பேசுவதற்கு மட்டும் கொஞ்சம் காசு மிச்சமிருந்தது. கூடப் படிக்கும் லக்ஷிகாவைக் கூப்பிட்டாள். டவுனில் பலசரக்குக் கடை வைத்திருப்பவரின் மகள். வீட்டில் வைஃபை உண்டு.

"அக்கா, கோடு வரையுற பொதிய எறக்குறப்ப என்ன டைப் பண்ணுனீங்க? அப்பிடியே சொல்லுங்க."

விஜயகலா கொஞ்சம் தயங்கினாள். "எல்லாரும் போடுறதுதான். கடைசியில மட்டும் 'நோ டெப்ஸ்'னு ஒன்னு சேத்தேன்."

"அது ஏன்?"

"அதப் போட்டா சின்னதா எறங்கும்னு யாரோ நெட்ல எழுதியிருந்தாங்க."

"சின்னதாத்தான் எறங்கும். மாப்பிள்ள மட்டும் தனியா வந்து நின்னா கல்யாணச் செலவு கம்மிதானே அக்கா. அதுக்கு வேண்டிய மத்தப் பொதியெல்லாம் வராதேன்னுதானே அதுக்கு அர்த்தம்."

பிள்ளைகள் எழுந்துவிடாதபடி விஜயகலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.  இன்னும் ஒன்பது பொதி வேண்டும் என்றாள் லக்ஷிகா.

அந்த நேரத்தில்தான் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க சீதாதேவி மலையிலிருந்து இறங்கி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் தன் போனை நீட்டினாள். "எங்கிட்ட பேக்கேஜ் இருக்கு டீச்சர். வாட்ஸ்அப்புக்கு மட்டும்தான். வேற எதுவும் வராது."

தோட்டத்தில் முக்கால்வாசிப் பேரிடம் இருப்பது அதுதான். அதில், ப்ரோகிராம் எழுதிய பைதன் மொழிக்கான பொதியை இறக்க வழியில்லை. இதைச் சொன்னதும் லக்ஷிகா கேட்டாள்.

"வாட்ஸ்அப் வருமா? அப்ப சரி. நான் இங்க எறக்கி வாட்ஸ்அப்ல அனுப்புறேன். பைதன் எத்தனையாவது வெர்ஷன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. மாறுனா ஒன்னும் ஒட்டாது."

மடுவம் பள்ளத்தில் இருக்கிறது. விஜயகலாவின் சிம் அங்கே எடுத்தாலும், அம்மாமாரின் சிம்முக்கு மேலே பெரிய பாறைக்கு ஏறினால்தான் சிக்னல். சீதாதேவியின் போனிலோ குழந்தையின் படம் நிறைந்து இடமே இல்லை. ஆனாலும் அவள் அசரவில்லை. குழந்தையை இடம் மாற்றிப் பால் கொடுத்தபடியே சொன்னாள். "எல்லாத்தையும் நம்ம குரூப்ல போடச் சொல்லுங்க. போன்ல பேசுற அந்தப் புள்ளைய நான் மேல போயி சேத்துக்கிறேன். ஆளுக்கு ஒன்னா எறக்கிக்கிட்டு வந்துர்றோம்."

பால் எடுக்கப் போகுமுன் கிடைக்கும் அரைமணி ஓய்வில் ஒன்பது அம்மாமார் பாறைமேல் ஏறி நின்றார்கள். "நீ ரெண்டாவது, நீ மூனாவது" என்று வேலை பிரிப்பதுபோல் சீதாதேவி பிரித்துக் கொடுத்தாள். இருப்பதிலேயே பெரியது கலைச்செல்விக்கு விழுந்தது. கீழே நின்ற ஃபீல்ட் ஒஃபிசர் அண்ணாந்து பார்த்து, "மொகத மே?" என்று சிங்களத்தில் என்னவென்று கேட்டார்.

"டீச்சர்கே விபாகய, மாத்தியா" என்று சீதாதேவி கத்தினாள். பரீட்சை என்றதும் அவர் தன் வழியே நடந்தார்.

பன்னிரண்டரைக்குப் பாலை நிறுத்துவிட்டு எல்லாரும் மடுவத்துக்கு வந்தார்கள். வாளியைக் கழுவி ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொருத்தியாகப் போனை நீட்டினார்கள். விஜயகலா கேபிளைக் குத்திக் குத்தி எட்டுப் பொதியை எடுத்துவிட்டாள். இருப்பதிலேயே சின்னதான சைக்கிளர் என்ற பொதியைத்தான் காணோம்.

"சைக்கிளர் யாருகிட்ட?"

ஷாமிளா மகளைத் தூக்கிக்கொண்டு கதவோரம் நின்றாள். "எங்கிட்டதான். தொறந்து பாத்தேன், தொறக்கல. வைரஸ்னு நெனச்சு அழிச்சுட்டேன் டீச்சர்."

"யாரு உன்னத் தொறக்கச் சொன்னா?" என்றாள் சீதாதேவி. "அடுப்புல சோத்த வச்சாலும் நிமிஷத்துக்கு ஒருக்கா மூடியத் தொறந்து பாக்குறவதானே நீ."

ஷாமிளா மகளை விஜயகலாவின் மடியில் இறக்கினாள். "இன்னொருக்கா போடச் சொல்லுங்க டீச்சர்" என்றவள், விடியலில் இருந்து ஏறி இறங்கிய அதே மலையில் மறுபடி ஏறினாள். டவுனுக்கு பஸ் ஒன்றேமுக்காலுக்கு. விஜயகலா சுவர் மணிக்கூட்டைப் பார்ப்பதும் குழந்தையின் தலையைத் தடவுவதுமாக இருந்தாள். ஒன்று இருபதுக்கு ஷாமிளா வந்தாள். காலில் அட்டை கடித்து ரத்தம் ஓடியதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

ஒன்பதையும் ஒரே ஃபோல்டரில் போட்டு லக்ஷிகா சொன்ன வரியை அடித்தாள். திரையில் எழுத்துகள் ஓடி நின்றன. ப்ரோகிராமை ஓட்டினாள். பதினான்கு நிறத்தில் பதினான்கு கோடுகள் மேலேறின.

"எம்புள்ள எது?" என்றாள் ஷாமிளா.

"இந்தப் பச்ச."

"நடுவுல ஏன் குழி?"

"ஆடி மாசம் வயித்தால போச்சே, நெனப்பில்லையா?"

ஷாமிளா ரப்பர் பால் காய்ந்த விரலைத் திரையில் வைத்தாள். குழியில் தொடங்கி, கோடு முடியும் உச்சிவரை மெதுவாக இழுத்தாள்.

"பஸ்ஸு போயிரும்" என்று சீதாதேவி லெப்டொப்பை மூடிப் பையில் திணித்தாள்.

நான்கு மணிக்கு டவுனில் ப்ரோகிராம் முதல் தடவையிலேயே ஓடியது. வகுப்பெடுக்கும் சேர் கோடுகளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுக் கேட்டார். "இது ஓட வேற என்னென்ன பொதி தேவை? தெரிஞ்சதச் சொல்லுங்க."

பொதுவாக மாணவர்கள் இரண்டு மூன்றோடு நின்றுவிடும் கேள்வி அது. விஜயகலா கண்ணை மூடினாள். கலைச்செல்வி முதல் ஷாமிளா வரை பாறைமேல் நின்றவர்களை ஒவ்வொருத்தியாக நினைத்து ஒன்பதையும் சொன்னாள். காலையில் தன் டேட்டாவில் வந்ததையும் சேர்த்துப் பத்து. சேர் பேனாவைத் திறந்து சித்தி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் போன் அடித்தது. ஷாமிளா.

"டீச்சர், பாஸாயிட்டீங்களா?"

"பாஸ்."

"அப்பிடின்னா அந்தச் சைக்கிளர இப்ப அழிக்கலாமா?"