அம்மாவுக்கு ஒரு வால்ட்ஸ்

என் அப்பா ரெமிஜியஸ் கன்டோன்மென்ட் ஸ்டேஷன் பார்சல் ஆபீஸில் கிளார்க். சனிக்கிழமை சாயங்காலமானால் ஓஸ்வால்ட் மாமாவின் பேண்டில் டபுள் பேஸ் வாசிப்பார். ஆளைவிட உயரமான அந்தப் பிடிலை அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'அது' என்பாள், முகம் கடுகடுவென்று இருக்கும். விருந்துகளுக்குப் போகும்போது ஜட்கா வண்டியில் அதற்குத்தான் இடம். அப்பா ஓரமாகத் தொற்றிக்கொண்டு போவார். நாங்கள் நீலசந்திராவிலிருந்து நடந்தே போவோம்.

அப்பா பதினாறு வயதில் பட்டாளத்து பேண்டில் பெரிய பித்தளைக் குழல் ஊத ஆரம்பித்தவர். நெஞ்சில் சளி கட்டி, டாக்டர் ஊதக் கூடாது என்றதும் கம்பி வாத்தியத்துக்கு மாறினார். எதை எடுத்தாலும் அடி ஸ்வரம்தான். கைதட்டல் எல்லாம் மேலே பாட்டு வாசிக்கிறவனுக்கு. அப்பா அதைப் பற்றிக் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

கவலை அம்மாவுக்குத்தான். டோரதி நன்றாக ஆடுவாள் என்று அந்தக் காலத்தில் பேர். 1911இல் கல்யாணம் ஆன பிறகு ஒரு விருந்திலும் அவள் ஆடவில்லை. புருஷன் மேடையில், அவள் நாற்காலியில். வேறொருவனோடு ஆட அவளுக்கு மனசு வராது. "ஐரீன் கல்யாணத்துல கண்டிப்பா ஆடுவோம் டோரதி" என்று சொல்லியே அப்பா இருபத்தைந்து வருஷம் ஓட்டிவிட்டார்.

ஐரீன் நான்தான்.

கல்யாணத்தில் மணமக்கள் வால்ட்ஸை, மூன்றடித் தாளத்தில் ஜோடியாகச் சுற்றும் ஆட்டத்தை, தொடங்கியதும் பெண்ணைப் பெற்றவர்களும் இறங்க வேண்டும். அது எங்கள் வழக்கம். "பேஸ் இல்லன்னா யாருக்குத் தெரியப் போவுது? நீங்க ஆடுங்கண்ணா" என்றார் ஓஸ்வால்ட் மாமா. அம்மா ஒரு வாரம் சமையலறையில் வைத்து அப்பாவுக்கு அடி சொல்லிக்கொடுத்தாள்.

கல்யாணத்தன்று பாட்டு தொடங்கிப் பத்து அடி போகவில்லை, பிடித்து நிறுத்த பேஸ் இல்லாமல் டிரம்ஸ் முந்தியது, வயலின் பின்தங்கியது. மாப்பிள்ளை நோயல் என் காலை மிதித்தார். ஜோடிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. ஓஸ்வால்ட் மாமா அப்பாவைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார். அப்பாவின் கால் தயங்கியது.

"போங்க," என்றாள் அம்மா. "எனக்குப் பழக்கம்தானே."

போகாதீங்கப்பா என்று எனக்குக் கத்தலாம் போலிருந்தது.

அப்பா போகவில்லை. மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, அம்மாவை இழுத்துப் பிடித்துக்கொண்டார். அவள் காதருகே, மூன்றில் முதல் அடிக்கு மட்டும், பேஸ் வாசிப்பது போலவே அடிவயிற்றிலிருந்து மெதுவாக "ம்ம்... ம்ம்..." என்று கொடுத்தார். கூடமே தடுமாற, அவர்கள் இரண்டு பேர் மட்டும் ஒரு அடி பிசகாமல் சுற்றினார்கள்.

எங்களைக் கடந்து போகும்போது அம்மா கேட்டது என் காதில் விழுந்தது. "இதையா இத்தனை வருஷமா வாசிச்சிட்டு இருந்தீங்க?"

வாயைத் திறந்தால் அடி தப்பிவிடும் என்று அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.